மாத்திரை விட்டவர்களைத் தேடிப் போன ஐந்து ஆண்டுகள்

நான் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய வரை சீமைக்கருவேலமும் மிளகாய்க் காடும்தான். அதே ராமநாதபுரம் மாவட்டம் என்றாலும், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரமோ தேவிபட்டினமோ போகும்போது கடலைப் பார்த்ததோடு சரி. நர்சிங் படித்து, சில வருடம் வேலை பார்த்து, பிறகு பொது சுகாதாரத்தில் முதுகலை முடித்தேன். 2021இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது எடுத்துக்கொண்ட தலைப்பு, கடலோரக் கிராமங்களில் பிரஷருக்கும் சுகருக்கும் சிகிச்சையைத் தொடர்வதில் என்ன சிக்கல் என்பது.

தலைப்பைச் சொன்னதும் பலரும் "ஏர்வாடியா?" என்று கேட்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் அங்கே தீயில் இறந்தார்கள். இந்தக் கடற்கரையையும் மருத்துவத்தையும் சேர்த்துப் பேசினால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். என் ஆய்வு அதைப் பற்றியது இல்லை. தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு முறை பரிசோதனை என்று வெளியே தெரியாமல் நடக்கிற சேவையைப் பற்றியது.

நான் பதிவு செய்த அதே ஆண்டு, ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சில மாதங்களில் எங்கள் பக்கமும் தன்னார்வலர் அக்காமார் வீடு வீடாக பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். துணை சுகாதார நிலையத்தில் ஒரு பதிவேடு இருந்தது. அதில் தொடர்ந்து மாத்திரை வாங்காதவர்களின் பெயருக்கு எதிரே ‘விட்டவர்’ என்று எழுதியிருந்தார்கள். மீனவர் ஊர்களில் ஆண்கள் பெயருக்கு எதிரே அந்தச் சொல் நிறையவே இருந்தது. எனக்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. விழிப்புணர்வு போதவில்லை, மாத்திரையின் அருமை தெரியவில்லை. அதை அளப்பதற்காக 64 கேள்விகள் கொண்ட வினாத்தாளையும் தயார் செய்தேன்.

என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "இந்தப் பட்டியல்ல இருக்கிற ஒருத்தரையாவது நீங்க நேர்ல பார்த்துப் பேசியிருக்கீங்களா?" இல்லை. "அப்ப வினாத்தாளை இங்கயே வச்சிட்டு ரெண்டு வாரம் போய் இருந்துட்டு வாங்கம்மா" என்றார்.

அந்த இரண்டு வாரம்தான் என் ஆய்வையே மாற்றியது. இப்போது ஆய்வு தொடங்குகிற யார் என்னிடம் வந்தாலும் இதை முதலில் சொல்கிறேன்: வெறுங்கையோடு போங்கள். வினாத்தாள் கையில் இருந்தால், நாம் கேட்க நினைத்தது மட்டுமே காதில் விழும்.

நான் தங்கியது உச்சிப்புளியில் ஒரு வாடகை வீடு. அங்கிருந்து ராமேஸ்வரம் தீவுக்குப் பேருந்து. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றுபோனது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6இல். என் களப்பணி கிட்டத்தட்ட முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடந்தது. தீவிலிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம்தான். வரைபடத்தில் தூரம் மாறவில்லை. ஆனால் ஒரு முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வீடு திரும்ப ஆகும் நேரம் மாறியிருந்தது.

முதன்முதலில் தீவில் ஒரு ஊருக்குப் போனது ஒரு புதன்கிழமை. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று பேசியவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பட்டியலில் இருந்த எட்டு ஆண்களைத் தேடினேன். ஒருவர்கூட வீட்டில் இல்லை. மூன்றாவது வீட்டுத் திண்ணையில் இருந்த அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "புதன்கிழமை வந்து ஆம்பளையத் தேடுனா கடல்லதான் தேடணும் தாயி."

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். மீதி நாட்கள் நாட்டுப்படகுக்கு. இரு தரப்புக்கும் வலைச் சண்டை வராமல் இருக்க வாரத்தைப் பிரித்துக்கொண்ட ஏற்பாடு அது. நம் சுகாதாரத் துறையும் தன் பங்குக்கு வாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை, திங்கள் போன படகு கரைக்கு வருகிறது. இறால் பிரிக்கவும், மீனைக் கூடையில் எடுக்கவும், கருவாட்டுக்கு உப்பிடவும் பெண்கள் கரையில் நிற்க வேண்டிய நேரம் அதுதான். அதே நேரத்தில் கர்ப்பிணிகள் நிலையத்துக்கு வர வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறோம். யாருடைய குற்றமும் இல்லை. அந்த இரண்டு அட்டவணைகளையும் ஒருவரும் ஒரே தாளில் எழுதிப் பார்த்ததில்லை.

அன்று இரவு ஒரு சார்ட் அட்டை வாங்கி வந்து கட்டம் போட ஆரம்பித்தேன். அது முடிய நான்கு மாதம் ஆனது. ஏனென்றால் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் கணக்கே வேறு. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு கரை சும்மா கிடக்கும், மறு கரையில் தொழில் நடக்கும். காற்று மாறினால் ஆட்களும் வலையோடு இடம் மாறுவார்கள். கரைவலை இழுக்கிற ஊரில் விடியற்காலை யாரும் பேசக் கிடைக்க மாட்டார்கள். பத்து மணிக்கு மேல் எல்லோரும் இருப்பார்கள். கடற்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும்தான் காலண்டர். கடல் வற்றும் அந்த நாட்களை ஒட்டி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் போவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் நீரில் மூழ்கி மூழ்கி எடுக்கிற வேலை. அந்த நாளில் நிலையத்துக்கு வா என்றால் அவர் எப்படி வருவார்? கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் இன்னொரு கணக்கு. வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில். அவர்கள் ஊருக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. "எங்க வீட்டுல ஆம்பளை சுகரப் பத்தி நீங்க போன்லதான் கேக்கணும்" என்று ஒரு லாத்தா சொன்னார்.

இதற்கெல்லாம் மேலே தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. மீனவ ஆண்களைச் சந்திக்க இதுதான் சரியான காலம் என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கையில் காசு இருக்காது, சாப்பாடு மாறும், தூக்கம் மாறும், வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். அப்போது அளந்த பிரஷரையும் வருமானத்தையும் வருடம் முழுமைக்கும் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு முறை போவது என்று திட்டத்தை மாற்றினேன். தடைக்காலத்தில் ஒரு முறை, தொழில் நடக்கிற மாதத்தில் ஒரு முறை. செலவு கூடியது. ஆய்வு ஒரு வருடம் நீண்டது. வருத்தமில்லை.

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருகிறேன்.

‘விட்டவர்’ என்று எழுதியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனபோது, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான மனிதர்கள் இருந்தார்கள் தெரியுமா? சிலர் இறந்துபோயிருந்தார்கள். சிலர் கேரளாவில் படகு வேலைக்குப் போயிருந்தார்கள். சிலர் தனியார் டாக்டரிடம் மாறி, மாதாமாதம் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாத்திரை விடவே இல்லை. ஒரே ஆள் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டு, ஒன்றில் வருகிறவராகவும் மற்றொன்றில் விட்டவராகவும் இருந்தார். உண்மையாகவே மாத்திரையை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அண்ணன், விசைப்படகில் போகிறவர். சுகர் மாத்திரையைக் கடலுக்குப் போகும் நாளில் மட்டும் போட மாட்டார். ஏன் என்று கேட்டேன். "கடல்ல எப்ப சாப்புடுவோம்னு எங்களுக்கே தெரியாதும்மா. வலை ஏறுற நேரத்துல சோறு கெடையாது. ஒரு தடவ மாத்திரையப் போட்டுட்டுப் போயி, வேர்த்து, கை நடுங்கி, கண்ணு இருட்டிருச்சு. பயலுக சீனியக் கரைச்சு ஊத்துனானுக. அன்னையிலருந்து கடலுக்கு அதக் கொண்டுபோறதில்ல."

நான் நர்சிங் படித்தவள். அவர் சொன்னது என்னவென்று உடனே புரிந்தது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தேவைக்கும் கீழே இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. நள்ளிரவில், ஆடுகிற படகில், இரும்பு ரோப் ஓடிக்கொண்டிருக்கும்போது மயக்கம் வந்தால் உயிரே போகும். அவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முடிவுக்குப் பதிவேட்டில் நாங்கள் வைத்த பெயர் ‘விட்டவர்’. நீர் பிரிகிற பிரஷர் மாத்திரை சாப்பிட்ட இன்னொருவர், படகில் அடிக்கடி எழுந்து விளிம்புக்குப் போக வேண்டியிருக்கிறது, இருட்டில் தவறி விழுந்தால் யாருக்கும் தெரியாது என்று நிறுத்தியிருந்தார். இந்த இருவரிடமும் எந்த டாக்டரும் "எப்ப கடலுக்குப் போவீங்க, எப்ப சாப்புடுவீங்க" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாத்திரையையோ வேளையையோ மாற்றிக் கொடுத்திருப்பார். இதைப் படிக்கிற யாரும் தாமாக மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டாம். உங்கள் தொழில் நேரத்தை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கு அப்புறம்தான் ஆய்வுக் கேள்வியே மாறியது. "இவர்கள் ஏன் விடுகிறார்கள்?" என்று இருந்தது, "சேவை திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் கரையில் இருக்கிறார்களா?" என்று ஆனது. நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு, நிலையம் திறந்திருப்பதும் ஒருவர் கரையில் இருப்பதும் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒத்துப்போகிறது என்று ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டேன். நிலையம் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. படகில் போகிறவர் கரையேறி, மீன் இறக்கி, பங்கு பிரித்து, வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தால் பெரும்பாலும் அந்த நேரம் தாண்டிவிடும். ஆய்வேட்டின் மையமே இந்தக் கணக்குதான். 1971இல் வேல்ஸ் நாட்டில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். வகுப்பில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். இந்தக் கட்டங்களை நிரப்பும்போதுதான் அது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்தேன். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. கதவு திறந்திருக்கும் நேரமே ஒதுக்கிவிடுகிறது.

கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதில்தான் தடுமாறுகிறோம். ஏற்கனவே சரிபார்க்கப்பட்ட வெளிநாட்டு வினாத்தாளைத் தமிழாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துகிறது என்று சான்று வாங்கிவிடலாம். அப்படி நான் வாங்கிய கேள்வி ஒன்று: "நீங்கள் மருந்துகளை முறையாக உட்கொள்கிறீர்களா?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். நர்சம்மா பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? அதை எடுத்துவிட்டு, "மாத்திரை அட்டையைக் காட்டுறீங்களா? கடைசியா எப்ப வாங்குனீங்க?" என்று மாற்றினேன். அட்டை வந்தது. கூடவே, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று மாதம் பழைய அட்டைகளும் வந்தன. எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டோம். அப்புறம் "போன வாரம் கடலுக்குப் போனீங்களா? அன்னைக்கு மாத்திரை எங்க இருந்துச்சு?" என்று கேட்டால், உண்மை தானாக வந்துவிடும். ‘ஒழுங்காக’ என்ற சொல்லை வினாத்தாளில் எங்குமே விடாமல் நீக்கினேன். அந்தச் சொல் வந்தவுடன் எதிரே இருப்பவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆகிவிடுகிறார்.

உப்பு பற்றிய கேள்வியில் முழுவதுமாகத் தோற்றேன். மாதம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துவிடலாம் என்று நினைத்தேன். வந்த எண்களைப் பார்த்து அதிர்ந்துபோனேன். அத்தனை உப்பையும் மனிதர் சாப்பிட முடியாது. பிறகு பார்த்தால், மீந்த மீனைக் கருவாடு போட அதே உப்பைத்தான் எடுக்கிறார்கள். சோற்றுக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு என்று யாரும் அளந்து வைப்பதில்லை. குடிக்கிற தண்ணீரிலும் உப்பு. கிணற்று நீர் கரிக்கும் ஊர்களில் குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிறார்கள், வாங்க முடியாத நாளில் இருப்பதைக் குடிக்கிறார்கள். உடம்புக்குள் போகிற உப்பைச் சரியாக அறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதிக்க வேண்டும். அதற்கு என்னிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அந்தக் கேள்வியை முழுவதுமாக எடுத்துவிட்டேன். அளக்க முடியாததை அளந்ததாக எழுதுவதைவிட, ஏன் அளக்க முடியவில்லை என்று ஒரு பக்கம் எழுதுவது மேல். அந்தப் பக்கத்தைத்தான் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதிக நேரம் கேட்டார்.

பிரஷர் பார்ப்பதிலும் கடலோரத்துக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறைப்படி மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். பார்ப்பதற்கு முன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். டீயும் பீடியும் கூடாது. ஆனால் நாம் போய் உட்கார்ந்ததும் அந்த வீட்டில் முதலில் நடப்பது டீ போடுவது. மறுத்தால் மனம் வருந்துவார்கள். அதனால் போனவுடன் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்துப் பிரஷர் பார்த்துவிட்டு, பிறகு டீ குடித்துக்கொண்டே கேள்வி கேட்பது என்று வரிசையை மாற்றினோம். முஸ்லிம் ஊர்களில் பெண்களுக்குப் பார்க்கப் பெண்கள் மட்டும் போனோம். உப்புக் காற்றில் கருவியின் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். தினமும் இரவு கழற்றித் துடைத்து மூடி வைக்க வேண்டும். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. மே மாதம் பைக் பெட்டியில் வைத்தால் வீண்தான். ஒரு சின்ன ஐஸ் பெட்டி வாங்கினோம். மீன்காரர்களிடம் ஐஸுக்கா பஞ்சம்?

மாதிரி அளவு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பது பற்றி ஒரு கணக்கு. இதைத் தெரியாமல் பலர் நிராகரிக்கப்படுகிறார்கள். நாம் அளக்கும் விஷயம் பாதிப் பேரிடம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, ஐந்து சதவீதப் பிழைக்கு இடம் கொடுத்தால் 384 பேர் போதும் என்று புத்தகத்தில் வரும். அது ஆட்களைத் தனித்தனியே சீட்டுப் போட்டு எடுத்தால்தான். நாம் ஊர் ஊராகப் போகிறோம். ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒரே கடல், ஒரே தண்ணீர், ஒரே நிலையம் என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமை 0.05 என்று வைத்து, ஊருக்கு 20 பேரைப் பார்த்தால், 19 பெருக்கல் 0.05 கூட்டல் 1 என்று 1.95 மடங்கு வேண்டும். அதாவது 749 பேர். ஊருக்கு 10 பேர் என்றால் 1.45 மடங்கு, 557 பேர் போதும். ஒரே ஊரில் நிறைய வீடு பார்ப்பதைவிட நிறைய ஊரில் கொஞ்சம் வீடு பார்ப்பது நல்லது. பேருந்துச் செலவு கூடும் என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்படிச் செய்தால் கடலுக்குப் போகாதவர்கள் மட்டும்தான் நம் தாளில் இருப்பார்கள். நாங்கள் ஒரே வீட்டுக்கு மூன்று வெவ்வேறு கிழமைகளில், வெவ்வேறு நேரங்களில் திரும்பப் போனோம்.

இன்னொரு சிக்கல். ராமநாதபுரம் வருவாய்த் துறைக்கு ஒரே மாவட்டம். சுகாதாரத் துறைக்கு ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் எண் முழு மாவட்டத்துக்கானது. நிலையங்களிலிருந்து வருகிற மாதாந்திர எண் சுகாதார மாவட்டத்துக்கானது. இது தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அத்தியாயமே எழுதி, பிறகு கிழித்துப் போட்டேன்.

அனுமதி வாங்கும் படலத்தை நீட்டி எழுத விரும்பவில்லை. நெறிமுறைக் குழு, சென்னையில் பொது சுகாதாரத் துறை, மாவட்ட அலுவலகம், வட்டார மருத்துவ அலுவலர் என்று படி படியாக ஏழெட்டு மாதம் ஆகும். அதைத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத அனுமதிகளும் உண்டு: ஊர்த் தலைவர், ஜமாஅத், பங்குச் சாமியார். அவர்களிடம் கடிதம் நீட்டுவதைவிட உட்கார்ந்து பேசுவதே முறை.

ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். வாசித்துக் காட்டி முடித்தால் ஒரு அக்கா, "கையெழுத்தா? எந்தக் குழுக் கடன் இது?" என்று கேட்டார். வீட்டு வாசலில் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் எல்லாம் கடன்காரர்கள் என்று பழகிப்போன ஊர் அது. எழுத்தறியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. நாங்கள் சாட்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டோம். பெரும்பாலும் காலேஜ் படிக்கிற மகளோ, பக்கத்து வீட்டுப் பையனோ வருவார்கள். அவர்கள் முழுவதையும் படித்துவிட்டு அம்மாவுக்குத் தம் பேச்சில் சொல்வார்கள். நான் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது.

ஒரு நாளை மறக்க முடியாது. காலையில் ஊருக்குள் நுழையும்போதே ஒரே அழுகை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை இரவில் படகைப் பிடித்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். அன்று எங்களுக்கு ஆறு வீடுகள் பார்க்க நாள் குறித்திருந்தது. திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது, பிடிபட்டவர் ஒருவரின் மனைவி, "பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போங்க தங்கச்சி, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பார்த்தோம். உடனே அனுப்ப வேண்டிய அளவு என்று நாங்கள் வைத்திருந்த 180க்கு 110ஐத் தாண்டியிருந்தது. ஆட்டோ பிடித்து நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். போகும் வழியில், "அவரு வர்ற வரைக்கும் எனக்கு எதுக்கு மாத்திரை" என்றார். அந்த அளவை ஆய்வில் சேர்க்கவில்லை. பத்து நாள் அந்த ஊரில் வேலையை நிறுத்தினோம். ஏன் நிறுத்தினோம் என்று தேதி போட்டு முடிவுக் குறிப்பேட்டில் எழுதினேன். அப்படி ஒரு நோட்டு எல்லோரும் வைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் எதை மாற்றினோம், யார் சொன்னார்கள், என்ன காரணம். மூன்று வருடம் கழித்து முறையியல் அத்தியாயம் எழுதும்போது ஞாபகத்தை நம்ப முடியாது.

நடுவில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தாள். பெண் ஆய்வாளருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும், அதிகபட்சக் காலத்துக்கு மேல் கூடுதலாக இரண்டு ஆண்டும் பல்கலைக்கழக மானியக் குழு விதியிலேயே உண்டு. நான் படித்த இடத்தில் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள், தங்கச்சிகளே.

பகுப்பாய்வு முடிந்ததும், ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பே முடிவுகளை ஊருக்குக் கொண்டுபோனேன். 2025 தடைக்காலம். வலை பின்னுகிற கொட்டகையில் மாலை ஆறு மணிக்குக் கூடினோம். பவர்பாயிண்ட் எதுவும் இல்லை. அந்தப் பழைய சார்ட் அட்டையைத்தான் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் கடல் நாட்கள், இன்னொரு பக்கம் நிலையத்தின் நாட்கள். வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்கள். படகில் மயங்கிய அந்த அண்ணன் எழுந்து அட்டைக்குக் கிட்டே வந்து, விரலை வைத்து, "இந்தக் கட்டம் தப்பு. சனி போனா ஞாயிறு விடியயில வந்துருவோம். நீங்க மத்தியானம்னு போட்டிருக்கீங்க" என்றார். அங்கேயே பேனாவால் திருத்தினேன். ஆய்வேட்டிலும் அந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அவருடைய மாத்திரையை நிலையத்து டாக்டர் இப்போது மாற்றிக் கொடுத்திருக்கிறார். தொப்பிக்குள் வைக்கிற பிளாஸ்டிக் பொடி டப்பாவில் போட்டுக் கடலுக்கும் கொண்டுபோகிறார்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் தன் பதிவேட்டில் ‘விட்டவர்’ என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கோடு போட்டு, ‘கடலில்’, ‘வெளியூர்’, ‘தனியார்’ என்று பிரித்து எழுத ஆரம்பித்தார். மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. டாக்டரிடம் பேசி, வாரம் இரண்டு நாள் மாலை ஏழு மணி வரை நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். ஐந்து வாரம் நடந்தது. ஆண்கள் வந்தார்கள்; பெண்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஜூன் 15 அன்று படகுகள் கடலுக்குப் போயின. நிலையத்தில் இருந்த ஒரு நர்ஸ் பதவி உயர்வில் மாறிப்போனார், மாலை வேளைக்கு ஆள் இல்லை. அத்தோடு அது நின்றது. திரும்பத் தொடங்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது. இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை, படகு கரை சேர்ந்த பிறகு, நானும் அந்தச் செவிலியரும் மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போவதாக இருக்கிறோம். அந்த அண்ணனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.